கரண்டிக்குத் தராசு, கறிக்கு இல்லையா?

அமெரிக்காவின் கொலராடோ, ஐடஹோ, மொன்டானா மலைகளில் செப்டம்பர் பிறந்தால் எல்க் மான் வேட்டை சீசன் தொடங்கிவிடும். அதற்கு ஆறு மாதம் முன்பே இன்னொரு வேட்டை தொடங்கிவிடும். சாமான் வேட்டை! முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, துணைக்கு ஆளில்லாமல், ஐந்தாறு நாள் காட்டில் தங்கி மான் அடிக்கப் போகிறவர்கள் சமையல் தராசும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். டைட்டானியம் கரண்டி எத்தனை கிராம்? பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதி அறுத்துவிட்டால் எவ்வளவு மிச்சம்? தூங்கும் பை 900 கிராமா, 750 கிராமா? எல்லாவற்றையும் எக்ஸெல் ஷீட்டில் போட்டுக் கூட்டி, கடைசிக் கட்டத்தில் "16 கிலோ" என்று வந்ததும் ஒரு திருப்தி. பிளான் ரெடி.

அந்த ஷீட்டில் ஒரே ஒரு வரி மட்டும் இருக்காது. மான்.

வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ இருக்கும். எலும்பை நீக்கிய கறி மட்டுமே 80 முதல் 100 கிலோ தேறும். கரண்டியில் 10 கிராம் மிச்சம் பிடித்தவர் இதை எப்படி மலையிலிருந்து இறக்கப் போகிறார்? கேட்டால், "முதலில் கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். இந்த "அப்புறம் பார்க்கலாம்" என்பதைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

எடை குறைக்கும் இந்த மோகம் வேட்டையில் பிறந்ததே இல்லை. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசிபிக் க்ரெஸ்ட் டிரெயில் போன்ற பாதைகளில் நடப்பவர்களுடையது அது. ரே ஜார்டின் 1992-ல் எழுதிய கையேடு அதைப் பரப்பியது. அவர்களுக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். ஏனென்றால், நடப்பவர் தினமும் சாப்பிடச் சாப்பிட பை இளைத்துக்கொண்டே போகும். வேட்டைக்காரரின் கதை நேர் எதிர். போகும்போது 16 கிலோ, ஜெயித்துவிட்டால் 100 கிலோவுக்கு மேல்! நடப்பவரின் கணக்கைக் கடன் வாங்கியவர்கள் இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. பையின் எடையைக் குறைக்க அதன் சட்டத்தையே கழற்றி எறிகிறார்கள். சட்டமில்லாத பையில் 30 கிலோ ஏற்றிப் பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லும். சுமையை இடுப்புக்கு இறக்கும் நல்ல சட்டம் வைத்த பை ஒரு கிலோ கூடுதலாக இருந்தால் என்ன, அதுதான் உண்மையில் வேலை செய்யப் போகிற சாமான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மான் விழுந்த இடம் ரோட்டிலிருந்து 8 கிலோமீட்டர். தலைக்கு... இல்லை, முதுகுக்கு 30 கிலோ என்றால் கறிக்கு மூன்று நடை, கொம்புக்கும் கூடாரத்துக்கும் இன்னொரு நடை. நான்கு முறை சுமையோடு இறங்கி, மூன்று முறை வெறுங்கையோடு ஏறினால் 56 கிலோமீட்டர். அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி. ஒரு நாளுக்கு ஒரு நடை போய் வருவதே பெரிய காரியம். நாலு நாள்! இதே மான் 3 கிலோமீட்டரில் விழுந்திருந்தால் மொத்தம் 21 கிலோமீட்டர். இரண்டாம் நாள் மாலைக்குள் முடிந்துவிடும்.

கறி அந்த நாலு நாள் காத்திருக்குமா? எல்க்கின் தோலும் ரோமமும் கனமான கம்பளி மாதிரி. உயிர் போனபின்னும் உடம்புச் சூட்டை வெளியே விடாது. பின்தொடையில் எலும்பை ஒட்டிய சதைதான் முதலில் கெடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. செப்டம்பர் மதியம் வெயில் நன்றாகவே அடிக்கும். எனவே விழுந்த உடனே தோலுரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, நிழலில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதையும் குடல் கிடக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி. மொன்டானாவில் கிரிஸ்லி கரடி உண்டு. இரண்டாம் நடைக்குத் திரும்பும்போது கறிக்குப் புதிய சொந்தக்காரர் வந்திருக்கலாம். இத்தனையையும் ஓர் ஆள், இருட்டில், நெற்றி விளக்கோடு செய்ய வேண்டும். துணிப்பை, கயிறு, மாற்றுப் பிளேடு, கரடி ஸ்ப்ரே, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி... எடை குறைக்கிறேன் என்று வெட்டக் கூடாதவை இவைதான். கத்தி வழுக்கி கையில் இறங்கினால் கூப்பிடப் பக்கத்தில் ஆளில்லை.

சட்டமும் "அப்புறம் பார்க்கலாம்" என்பதை ஒப்புக்கொள்வதில்லை. கொலராடோவில் தின்னத்தக்க கறியைக் காட்டில் வீணாக விடுவது குற்றம். அலாஸ்காவில் மூஸ் மான் அடித்தவர் கறி முழுவதையும் இறக்குவதற்கு முன் கொம்பைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. வயோமிங்கில் இன்னும் சுவாரஸ்யம்: வெளிமாநிலத்தவர் அரசு அறிவித்த வனாந்தரப் பகுதிக்குள் வழிகாட்டியோ உள்ளூர்க்காரர் துணையோ இல்லாமல் எல்க் போன்ற பெரிய மிருகங்களை வேட்டையாடவே முடியாது. ஆக, அங்கே தனியாள் பிளான் என்பது பேப்பரிலேயே செத்துவிடும். 1964-ம் வருட வனாந்தரச் சட்டப்படி அப்பகுதிகளில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சாதாரணத் தள்ளுவண்டிக்கும் அனுமதி இல்லை. கரண்டியின் எடை தெரிந்த பலருக்கு இது தெரியாது.

இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே ஜெயில், இதெல்லாம் நமக்கெதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நியாயம்தான். வேட்டை சரியா தப்பா என்பது தனிச் சண்டை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேட்டையை ஆதரிப்பவர்கள் சொல்லும் மிகப் பெரிய காரணமே "சாப்பிடத்தான் கொல்கிறோம்" என்பது. அப்படியானால் கறியை அழுகவிடும் பிளானோடு போகிறவர் தன் கட்சியின் ஒரே நல்ல வாதத்தையும் கெடுக்கிறார்.

"நல்ல மான் எல்லாம் உள்ளேதானே இருக்கிறது, ரோட்டோரம் என்ன கிடைக்கும்?" என்பது அவர்களின் பதில். இருக்கட்டும். அப்படியானால் கிளம்புவதற்கு முன் குதிரையில் கறி இறக்கித் தரும் ஆளிடம் பேசி, கூலியும் நாளும் முடிவு செய்து, நம்பரை வாங்கிக்கொள்ளலாமே! அனுமதி பெற்ற ஆட்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். சீசன் நடுவில் திடீரென்று கூப்பிட்டால் குதிரை கிடைக்காது. கூலி கட்டுப்படியாகாது என்றால் மேப்பில் ரோட்டிலிருந்து மூன்று, நாலு கிலோமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனை பெரிய கொம்போடு எல்க் நின்றாலும் அம்பை இழுக்கக் கூடாது. பைனாகுலரில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.