அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வருமா? எலிகள் சொன்ன பதில்

“அம்மாவுக்கு வந்தது. சித்திக்கும் வந்தது. அடுத்தது நானா?”

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அம்மாவைக் கைபிடித்து அழைத்துவரும் மகள்கள் பலருக்குள் ஓடும் கேள்வி இது. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு.

மனிதர்களைக் கூண்டில் வைத்துச் சோதனை செய்து இதற்கு விடை தேட முடியாது. நூறு வருடங்களுக்கும் மேலாக விடை தேட உதவியவை எலிகள்தான்.

பள்ளி ஆசிரியையின் எலிப் பண்ணை

அபி லாத்ராப் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிறகு சுண்டெலி வளர்த்து விற்கத் தொடங்கினார். தன் எலிகளில் சிலவற்றின் உடம்பில் கட்டிகள் வருவதைக் கவனித்தார். நோய்க்கூறு நிபுணரான லியோ லோப் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்தபோது, சில வம்சத்து எலிகளுக்கு மட்டும் மார்பகக் கட்டி அதிகம் வருவது தெரிந்தது.

1916ல் இருவரும் இன்னொன்றையும் எழுதினார்கள். கட்டி வரக்கூடிய அதே வம்சத்தில், சிறு வயதிலேயே சினைப்பையை எடுத்துவிட்டால் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆக, வம்சம் பாதி, சினைப்பையில் சுரப்பது பாதி.

1932ல் பாரிஸில் அந்துவான் லகசாஞ் என்ற மருத்துவர், ஆண் சுண்டெலிகளுக்குப் பெண் ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தினார். ஆண் எலிகளுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது.

ஒரே மருந்து, இரண்டு முடிவு

பிற்கால ஆய்வுகளில் முக்கியமானது ‘ஏ.சி.ஐ.’ என்ற எலி ரகம். இந்தப் பெண் எலிகளின் தோலுக்கடியில் ஈஸ்ட்ரோஜன் வில்லையை வைத்தால், ஆறேழு மாதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்துவிடுகிறது. அதே வில்லையை ‘பிரவுன் நார்வே’ ரக எலிக்கு வைத்தால் அப்படி வருவதில்லை. கூண்டு, தீனி, மருந்து எல்லாம் ஒன்றுதான். மாறியது பிறப்பு மட்டுமே.

இரண்டு ரகங்களையும் கலந்து, பேரக்குட்டிகள் வரை வளர்த்துப் பார்த்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். யாருக்குக் கட்டி வருகிறது, அவர்களிடம் எந்தக் குரோமோசோமின் எந்தத் துண்டு இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு ‘கெட்ட மரபணு’ சிக்கவில்லை. பல இடங்கள் சிக்கின. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டின, அல்லது குறைத்தன.

1997ல் வெளிவந்த நெப்ராஸ்கா ஆய்வு இன்னும் ஒன்றைக் காட்டியது. சினைப்பை நீக்கப்பட்ட ஏ.சி.ஐ. எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தும் புற்றுநோய் வரவில்லை. ஆபத்தான வம்சமும் இருந்தது, ஹார்மோனும் இருந்தது. சினைப்பையிலிருந்து வரும் ஏதோ ஒன்று இல்லாததால் நோய் தொடங்கவில்லை. மரபணு தலையெழுத்து அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

எலிக்குக் கொடுப்பது பெரிய அளவு மருந்து. அந்தக் கணக்கை அப்படியே பெண்ணுக்குப் போடக் கூடாது. ஆனால் பாடம் பொருந்தும்.

சென்னையில் நடந்தது தலைகீழ்

1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்க் கணக்கை அடையாறு மருத்துவமனை எழுதிவருகிறது. தொடக்கத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய்.

ஒரு தலைமுறைக்குள் சென்னைப் பெண்களின் மரபணு மாறிவிடாது. மாறியது வாழ்க்கை. சீக்கிரம் பூப்பெய்துதல், தாமதமாக முதல் குழந்தை, ஒன்றிரண்டு பிள்ளைகள், குறைந்த காலத் தாய்ப்பால், கூடிய உடல் எடை. இவை ஒவ்வொன்றும் மார்பகத்தின் மீது ஹார்மோன் வேலைசெய்யும் காலத்தையோ அளவையோ கூட்டுகின்றன. எலிக்கூண்டில் ஹார்மோன் ஒன்று, வம்சம் வேறு. சென்னையில் வம்சம் ஒன்று, ஹார்மோன் கணக்கு வேறு.

சரி, மகளுக்கு என்ன பதில்?

மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது ஒரு வலுவான மரபணுப் பிழையால் வருகிறது. அதில் பெரும்பங்கு பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்களுக்கு. அந்தப் பிழை உள்ளவர்களில் 80 வயதுக்குள் சுமார் 70 சதவிகிதம் பேருக்கு நோய் வரலாம். பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால், பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அந்தப் பெற்றோர் அப்பாவாகவும் இருக்கலாம். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அத்தைக்கும் அப்பா வழிப் பாட்டிக்கும் வந்ததையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடும்பத்தில் இளம் வயதில் வந்திருந்தாலும், ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலும், சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலும், மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. முடிந்தவரை நோய் வந்தவருக்கே முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பிழை இருப்பது தெரிந்தால் ஸ்கேன்களைச் சிறு வயதிலேயே தொடங்கலாம். தடுப்பு மருந்து, அறுவை சிகிச்சை பற்றியும் பேசலாம்.

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுக்கும் முன்பும் குடும்ப வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2002ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று காட்டியது. எடுத்துக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய்த் தாமாக நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரைக் கேட்டுச் செய்தால் போதும்.

இவ்வளவுக்கும் குறுக்கே நிற்பது ஒன்று உண்டு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் “உங்க பாட்டிக்கு என்னன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே” என்று சொல்லும் வழக்கம். சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மறைத்தது, கடைசியில் பேத்திக்கே தெரியாமல் போய்விடுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதை அவர் வீட்டுக்குள் பூட்டிவைக்கவில்லை. ஊரறியச் சொன்னார், நிதி திரட்டினார். 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறந்தது. மயிலாப்பூரில் வளர்ந்த டாக்டர் சாந்தா அடுத்த வருடம் அங்கே சேர்ந்து, 2021ல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார்.

ஒரு தங்கையின் சாவைப் பேசியதால் வந்தது ஒரு மருத்துவமனை. ஒரு பாட்டியின் நோயைப் பேசினால் ஒரு பேத்தியாவது தப்பிப்பாள்.