மாற்றிச் செருக இடம் கொடுத்தது யார்?

ரிச்சி தெருவில் சர்வீஸ் கடைப் பையன் ஒருவன் போர்டை எரித்துவிட்டால் நடக்கிற விசாரணை ரொம்பச் சின்னது. "எவன்டா கேபிளை மாட்டினது?" அவ்வளவுதான். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம். தப்பாக மாட்டினாலும் ஜம்மென்று போய் உட்காரும்படி அந்தக் கனெக்டரைச் செய்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதே தெருவில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்து நரைத்தவன் நான், கேட்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரை இப்போது யார் சரிபார்க்கக் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். லாரி எடைமேடை, லேத் பட்டறை, எம்ப்ராய்டரி மெஷின் என்று எங்கெங்கோ தொண்ணூறுகளின் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஐஎஸ்ஏ கார்டுக்கு இன்றைய போர்டில் இடமே கிடையாது. கம்ப்யூட்டரை மாற்றப் போனால் மெஷினையே மாற்ற வேண்டிவரும். அதனால் தூசியும் கிரீஸுமாக அவை எங்கள் மேசைக்கு வந்தபடியே இருக்கின்றன.

திறந்தால் பவர் சப்ளையிலிருந்து பி8, பி9 என்று இரண்டு கனெக்டர் தொங்கும். 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்து ஏற்பாடு. ஒவ்வொன்றிலும் ஆறு பின், ஒரே அளவு, ஒரே வடிவம். கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, நாக்கை மாட்டி, நிமிர்த்தி அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். இரண்டையும் இடம் மாற்றிச் செருகினாலும் அதே 'டக்'தான். ஸ்விட்சைப் போட்டால் கிரவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில் 5 வோல்ட், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 12. பவர் சப்ளை நல்லதாக இருந்தால் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் வாசனை வரும். "கறுப்பும் கறுப்பும் நடுவில்" என்பதுதான் நாங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். ஒரு பெட்டியின் உயிர் ஒயர் நிறத்தை நம்பி இருந்தது. மங்கிய டியூப் லைட்டில் கருநீலமும் கறுப்புதான்.

எல்லாக் கனெக்டரும் இப்படிக் கொடூரமில்லை. பிளாப்பி கேபிளைத் திருப்பி மாட்டினால் டிரைவ் விளக்கு அணையாமல் எரியும். சிரித்துக்கொண்டே திருப்பி மாட்டிவிடலாம். செருகியவனைக் கூப்பிட்டுச் சொல்கிற தப்பு அது.

மாற்ற முடியாத வடிவமா என்றால், அதுவும் இல்லை. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவை வெளியிட்டது. 20 பின்னும் ஒரே கட்டி. சதுரத் துளையும் ஓரம் மழுங்கிய துளையும் கலந்து வைத்திருப்பதால் தலைகீழாக ஏறவே ஏறாது. பத்து பைசா பிளாஸ்டிக்கில் முடிகிற வேலைக்கு 14 வருடம் ஆனது. அத்தனை வருடமும் விலை கொடுத்தவர்கள் பெட்டி வைத்திருந்தவர்களும் பையன்களும்தான்.

சரி, திருந்திவிட்டார்கள் என்றால், இப்போது மாடுலர் பவர் சப்ளை என்று கேபிளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வருகிறது. போர்டுப் பக்கம், டிஸ்க் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உண்டு. பவர் சப்ளைப் பக்கத்துக்கு மட்டும் எந்தப் பொதுவிதியும் இல்லை. ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றின் பெட்டியில் அழகாகச் செருகிக்கொள்ளும்; உள்ளே ஒயர் வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 ஏறி ஹார்ட் டிஸ்க் போய்விடும், கல்யாண போட்டோக்களோடு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு என்பதுதான் எனக்கு எரிச்சல்.

செல்போனுக்கு எல்லாரும் ஒரே முனை வைத்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது; 2024 டிசம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. அங்கே பிரச்சினை வேண்டாத சார்ஜர்கள் குப்பையாகச் சேர்வது. இங்கே பொருளே எரிகிறது. பவர் சப்ளைப் பக்க ஒயர் வரிசைக்கும் ஒரே அளவு வேண்டும். அது கசந்தால், அடுத்தவன் கேபிள் ஏறாதபடி துளையின் வடிவத்தையாவது மாற்றட்டும்.

அது வரும்வரை கடை முதலாளிகளுக்கு ஒன்று. கழற்றிய கேபிள்களை எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் கொட்டி வைக்காதீர்கள். எந்தப் பவர் சப்ளையோடு வந்ததோ அதோடு சேர்த்துக் கட்டிப் பெயர் எழுதுங்கள். பையன் சம்பளத்தில் கைவைக்கும் முன் அந்த அட்டைப்பெட்டியை ஒருமுறை பாருங்கள்.