நடிப்பைக் கல்லூரியில் படிப்பது

நடிப்பைக் கல்லூரியில் படிக்கலாமா என்ற கேள்வி நம் பக்கத்தில் எழும்போதெல்லாம் அது உடனே இன்னொரு கேள்வியாக மாறிவிடுகிறது: படித்தால் சினிமாவில் வாய்ப்புக் கிடைக்குமா? கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் ஒன்றியத்துச் சிற்றூர்களில், நெல்லையும் உளுந்தையும் நம்பியிருக்கும் ஒரு குடும்பம், பிள்ளையின் மூன்றாண்டுகளையும் தன் கையிருப்பையும் ஒரு படிப்புக்குக் கொடுக்கும்போது அதன் முடிவில் என்ன வேலை என்று கேட்பது இயல்பு. பொறியியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் கேட்கப்படும் அதே கேள்விதான். ஆனால் நடிப்பைப் பொறுத்தவரை இதற்கு நேர்மையான பதில் அரிதாகவே கிடைக்கிறது.

இரண்டு வகைப் பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. சில வாரங்கள் வந்து போனால் நடிகனாக்கி, இயக்குநர்களிடம் அறிமுகமும் செய்துவைப்பதாக உறுதியளிக்கும் விளம்பரங்கள் ஒரு வகை. நடிப்பு பிறவியிலேயே வரவேண்டும், படித்து வராது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இன்னொரு வகை. முதலாவது பணத்தைப் பறிக்கிறது; இரண்டாவது முயற்சியையே தடுத்துவிடுகிறது. இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். நடிப்பைக் கற்க முடியும். ஆண்டுக்கணக்கில் கற்கவும் வேண்டும். ஆனால் திரைத்துறைக்கு ஆள் அனுப்பும் இடமாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் கல்லூரியால் அதைக் கற்பிக்க இயலாது. மொழியையும் உடலையும் தன் வட்டாரத்தின் அரங்கையும் மையமாகக் கொண்ட கல்லூரியே, சுற்றுவழியில், திரைத்துறைக்கும் நல்ல நடிகர்களைத் தரும்.

படித்து வராது என்பவர்கள் நம்முடைய வரலாற்றையே மறந்துவிடுகிறார்கள். தமிழ்த் திரையின் முதல் இரு தலைமுறை நடிகர்களில் பெரும்பகுதியினர் பள்ளியில் பயின்றவர்கள்தாம். அந்தப் பள்ளிக்குப் பெயர் பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி கணேசன் என எல்லாருக்கும் பின்னணியில் ஏதோவொரு நாடகக் கம்பெனி இருந்தது. வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுப்பார், பையன்கள் உருப்போடுவார்கள், பாடவும் ஆடவும் சண்டையிடவும் பழகுவார்கள், இன்றைக்கு ராஜா என்றால் நாளைக்குச் சேடி. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் வசனம் கேட்கவேண்டும் என்பது அங்கே விதி. பராசக்தியில் (1952) சிவாஜி பேசிய வசனத்தைப் பார்த்து வியந்தவர்கள், அந்த நாக்கும் மூச்சும் எத்தனை ஆண்டுகள் மேடையில் பக்குவப்பட்டவை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்தக் கம்பெனிகளை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. பிள்ளைகள் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தார்கள், அடியும் உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை கதாநாயகி வேடம் கட்டிய பையனின் நிலை கேள்விக்குறியாகிவிடும். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் கொடுமைகளைக் களைந்து, அந்தப் பயிற்சியின் நீளத்தையும் ஆழத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் இடமாகத்தான் ஒரு நவீனக் கல்லூரி இருக்கமுடியும். ஒழுங்கான பாடத்திட்டம், வகுப்பறை, நூலகம், மாணவருக்கு உரிமைகள் என்று கல்லூரி தரக்கூடியவை எல்லாம் கம்பெனிகளில் இல்லாதவை.

அண்மைக்காலத்துக்கு வருவோம். விருமாண்டியில் (2004) இருவர் நம் நினைவில் தங்கியிருக்கிறார்கள். கொத்தாளத் தேவனாக வந்த பசுபதி, ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்றவர். பேய்க்காமனாக வந்த சண்முகராஜன் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். கூத்துப்பட்டறையிலிருந்து வந்த இன்னொருவர் குரு சோமசுந்தரம். ஆரண்ய காண்டம் (2011) வெளிவருவதற்கு முன் அவர் பல ஆண்டுகளை அந்தப் பட்டறையில் கழித்திருந்தார். ஜோக்கர் (2016) அதற்கும் பிறகுதான். விஜய் சேதுபதி அதே பட்டறையில் கணக்கராக இருந்து, நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துப் பழகியவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மு. ராமசாமி, கே.டி. (எ) கருப்புதுரையில் (2019) மையப் பாத்திரம் ஏற்றபோது அவருடைய நாடக வாழ்க்கைக்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் வயதாகியிருந்தது.

இவர்களில் எவரும் சினிமாவுக்கான ஆயத்தமாக மட்டும் அந்த ஆண்டுகளைக் கழித்தவர்கள் அல்லர். நாடகத்தை நாடகமாகவே செய்தார்கள். படத்தில் அவர்கள் நிற்கும்போது தெரியும் நிதானம் அங்கிருந்து வந்தது.

இதற்கு ஒரு காரணம் படப்பிடிப்பின் இயல்பிலேயே இருக்கிறது. படப்பிடிப்பில் ஒரு காட்சி துண்டு துண்டாக எடுக்கப்படுகிறது. தந்தை இறந்த காட்சி முதல்நாளும் தந்தையோடு சிரித்துப் பேசும் காட்சி பத்தாம் நாளும் படமாகலாம். எதிரே நடிப்பவர் இல்லாமலே வெறும் குச்சியைப் பார்த்துப் பேசவேண்டி வரலாம். ஒத்திகைக்கு அவகாசம் இருக்காது. மாதங்கள் கழிந்து டப்பிங் அறையில் அதே உணர்ச்சியை மீண்டும் வரவழைக்கவேண்டும். ஒளி விழும் இடத்தில் நிற்பது, பார்வையின் திசை, கன்டினியூட்டி போன்ற நுட்பங்களைச் சில படங்களில் வேலை செய்தால் எவரும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சிதறிய துண்டுகளுக்கு நடுவே ஒரு மனிதனை முழுதாக மனதில் வைத்திருக்கும் திறனைப் படப்பிடிப்புத்தளம் கற்றுத்தராது. அங்கே ஒவ்வொரு மணிக்கும் பணம் செலவாகிக்கொண்டிருக்கிறது. தவறிப் பார்க்கவும், அதே பாத்திரத்தை மூன்று விதமாக முயன்று பார்க்கவும், ஒரு பிரதியை வரிவரியாகப் படித்து விவாதிக்கவும் நேரம் இருப்பது கல்லூரியில்தான். அந்த நேரத்தையும் 'ஆடிஷன்' பயிற்சியில் செலவழித்துவிட்டால் கல்லூரி எதற்கு?

நம் பகுதிக்கு அருகில் இருப்பது புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை. 1922இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. இந்திரா பார்த்தசாரதி அதை உருவாக்கி வழிநடத்தினார், கே.ஏ. குணசேகரன், அ. ராமசாமி போன்றோர் அங்கே ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள். குழந்தைகள் நாடகத்துக்கு வாழ்வை அளித்திருக்கும் வேலு சரவணன் அங்கிருந்து வந்தவர். அங்குள்ள நாடகப் படிப்பு முதுகலைப் படிப்பு. தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயத்துக்கும் ஏற்கெனவே ஒரு பட்டமும் நாடக அனுபவமும் வேண்டும்.

ஆக, பதினேழு பதினெட்டு வயதில் பள்ளி இறுதி முடிக்கும் மாணவர், உடலும் குரலும் எளிதில் வளையும் அந்த மூன்று ஆண்டுகளை வேறு ஏதோவொரு பாடத்தில் கழித்துவிட்டு, இருபத்தொரு வயதில்தான் நாடகத்தைத் தொட முடிகிறது. அதுவரை காத்திருக்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. சென்னையின் குறுகியகாலப் பயிற்சிகள் செழிப்பது இந்த இடைவெளியில்தான். அவற்றை மட்டும் திட்டிப் பயனில்லை. இளங்கலை நிலையில், தமிழ்வழியில், அரசுக் கட்டணத்தில் நாடகப் படிப்பு பரவலாகக் கிடைக்குமானால் அவற்றின் வாடிக்கையாளர்கள் தாமாகக் குறைவார்கள்.

சிற்றூரில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கர்நாடகத்தின் ஹெக்கோடுவைப் பார்க்கவேண்டும். சிவமொக்கா மாவட்டத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு கிராமம் அது. 1949இல் அங்கே தொடங்கிய நீனாசம் என்ற நாடக அமைப்பை வளர்த்தெடுத்த கே.வி. சுப்பண்ணா தாமே பாக்கு விவசாயி. 1980இல் அங்கே ஒரு நாடகப் பயிற்சிப் பள்ளி வந்தது. ஓராண்டுப் படிப்பு, கற்பிப்பது கன்னடத்தில். 1985 முதல் 'திருகாட' என்ற சுற்றுலா நாடகக் குழு ஊர் ஊராகப் போகிறது. படித்து முடித்தவர்கள் அதில் நடித்து, ஒரே நாடகத்தைப் பல ஊர்களில், பலவகைப் பார்வையாளர்முன் செய்துபார்க்கிறார்கள். சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. கன்னடத் திரையில் இன்று அறியப்படும் அச்யுத் குமாரும் சதீஷ் நீனாசமும் அங்கே படித்தவர்கள். பின்னவர் பள்ளியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பள்ளி சினிமாவுக்கென்று தொடங்கப்பட்டதன்று. பார்வையாளரை முதலில் உருவாக்கிக்கொண்டு, பிறகு நடிகரை உருவாக்கியது.

ஹெக்கோடுவில் இல்லாத வளங்கள்கூட நம்மிடம் இருக்கின்றன. கீரப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே சிதம்பரம். கோபுரங்களில் நூற்றெட்டுக் கரணங்களும் கல்லில் நிற்கின்றன. 1981 முதல் நாட்டியாஞ்சலி நடக்கிறது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நெடிய இசைக் கல்வி மரபு உண்டு. தமிழிசை இயக்கத்தில் அதற்கிருந்த பங்கு நமக்குத் தெரியும். இசையும் நாட்டியமும் பெற்ற மதிப்பை அங்கே நாடகமும் பெற்றதாகச் சொல்ல முடியாது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களை ஒட்டி விடிய விடியக் கூத்து நடக்கிறது. பின்பாட்டுப் பாடி, சில்லறை வேடங்கள் கட்டி, மெல்ல மெல்லக் கட்டியக்காரனாகவும் துரியோதனனாகவும் உயர்ந்த கலைஞர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். ஒலிபெருக்கி வராத காலத்தில் திறந்தவெளியில் ஒரு குரலை எப்படி நிறுத்துவது என்று கண்டுபிடித்த மரபு அவர்களுடையது. ஒரு நாடகத்துறை இங்கே அமையுமானால் அவர்களை ஆண்டுவிழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், சம்பளம் பெறும் ஆசிரியர்களாக நியமிக்கவேண்டும். பட்டம் இல்லை என்பது தடையாகக் கூடாது.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் நெல்லைத் தமிழும் திரையில் தமக்கென ஓரிடத்தைப் பெற்றுவிட்டன. நடுநாட்டுத் தமிழுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்திருக்கிறார். இமையத்தின் நாவல்களில் அந்தப் பேச்சு உயிரோடு இருக்கிறது. அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த தங்கர் பச்சான், அழகியிலும் (2002) ஒன்பது ரூபாய் நோட்டிலும் (2007) இந்த மண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தார். பின்னதில் இம்மண்ணின் மாதவப் படையாட்சியாக நடித்தவர் கோவையைச் சேர்ந்த சத்யராஜ். நன்றாகவே நடித்தார். ஆயினும், இந்தப் பேச்சை நாக்கில் வைத்திருக்கும் பயின்ற நடிகர்கள் இங்கிருந்தே ஏன் திரளவில்லை என்பது நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி. நம் மாணவர்கள் நடிப்புப் பயிற்சி என்று போனதும் முதலில் இழப்பது தங்கள் பேச்சைத்தான். நல்ல நடிப்புக் கல்வி பொதுத்தமிழையும் கற்றுத்தந்து, வட்டார வழக்கையும் ஒரு கருவியாகக் கையில் கொடுக்கும்.

மாணவிகளின் நிலை தனியே பேசப்பட வேண்டியது. மலையாளத் திரையுலகைப் பற்றி 2017இல் அமைக்கப்பட்ட ஹேமா குழுவின் அறிக்கை 2024இல்தான் வெளியானது. அதைப் படித்த எந்தப் பெற்றோரும் மகளை அத்துறைக்கு அனுப்பத் தயங்குவார்கள். தயக்கத்தை அறிவுரையால் போக்க முடியாது. ஒப்பந்தம் என்றால் என்ன, அதில் எவற்றைப் பார்க்கவேண்டும், புகார் எங்கே கொடுப்பது, எந்தக் கோரிக்கையை எப்படி மறுப்பது என்பவை பாடத்திட்டத்தில் இடம்பெறவேண்டும். காஞ்சிபுரம் அருகே 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிக் கல்வியோடு கூத்தையும் சேர்த்துக் கற்பித்தது; ஆண்களின் கலையாகவே இருந்த கூத்தில் பெண்பிள்ளைகளையும் பயிற்றுவித்து மேடையேற்றியது. பாதுகாப்பான சூழலில் பெண்கள் முறையாகப் பயில்வது சாத்தியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி வேலை. திரைத்துறை நடிப்புக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆகவே எந்தக் கல்லூரியும் அங்கே இடம் உறுதி என்று சொல்லக் கூடாது. படித்தவர்களில் சிலருக்கே திரை வாய்க்கும். மற்றவர்களுக்கு என்ன வழி? நம் பள்ளிகளில் ஓவியத்துக்கும் இசைக்கும் உடற்கல்விக்கும் ஆசிரியர் உண்டு. நாடகத்துக்கு ஆசிரியர் என்ற வழக்கம் வேரூன்றவில்லை. மேடையில் நின்று வாய்திறக்கப் பழகாத பிள்ளைகள் நேர்முகத் தேர்வுகளில் தடுமாறுவதை எல்லாரும் பார்க்கிறோம். ஒன்றியத்துக்குச் சில நாடக ஆசிரியர்களை அரசு நியமித்தாலே இந்தப் படிப்புக்குக் கௌரவமான வாழ்வாதாரம் ஒன்று பிறந்துவிடும். அந்தப் பிள்ளைகள் நாளைய பார்வையாளர்களாகவும் இருப்பார்கள்.

அதுவரை, இவ்வாண்டு பள்ளி முடித்து நடிப்புப் படிக்க விரும்பும் ஒருவர் என்ன செய்வது? பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். கற்பிப்பவர் கடைசியாக எந்த நாடகத்தில் வேலை செய்தார்? பயிற்சிக் காலத்தில் எத்தனை முழுநீளப் பிரதிகளைப் படிப்போம், எத்தனை முறை பார்வையாளர்முன் நிற்போம்? முந்தைய மாணவர்களோடு பேசலாமா? முன்னுக்கு வந்த இருவரின் புகைப்படங்களைக் காட்டினால் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அருகிலுள்ள கல்லூரியில் தமிழோ வரலாறோ இளங்கலை படியுங்கள். நூலகத்தில் நாடகங்களைத் தேடி உரக்கப் படியுங்கள். திருவிழாக் காலத்தில் ஒரு கூத்துக் குழுவோடு சேர்ந்து பின்பாட்டாவது பாடுங்கள். மூன்றாண்டுகள் கழித்துப் புதுவைக்கோ தில்லிக்கோ விண்ணப்பிக்கும்போது வெறுங்கையோடு போகமாட்டீர்கள்.