75 டாலரும் எரிந்த வீடும்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்திலே ஓபியன் என்றொரு கவுண்டி. 2010 செப்டம்பர் திங்களில் அங்கே ஒரு கிராமத்து வீடு தீப்பற்றிற்று. வீட்டார் தொலைபேசியில் அலறினர். தீயணைப்புப் படை வரவில்லை. பக்கத்து நிலத்துக்குத் தீ தாவியதும் வந்தது! வந்தவர்கள் அந்த நிலத்தைக் காத்தார்கள்; வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நாய்களும் ஒரு பூனையும் உள்ளே மாண்டன.

ஏன் இந்தக் கொடுமை? பக்கத்து நிலத்துக்காரர் ஆண்டுச் சந்தா 75 டாலர் கட்டியிருந்தார், இவர் கட்டவில்லை. கேட்ட தொகையைத் தருகிறேன் என்று மன்றாடியும் பயனில்லை. தண்ணீர் இருந்தது, வண்டி இருந்தது, ஆள் இருந்தது. இல்லாதது ரசீது ஒன்றுதான்!

வண்டியில் வந்தவர்களை நாம் ஏசவில்லை. அவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். விதி சவுத் புல்டன் நகராட்சியுடையது. நகர எல்லைக்கு வெளியே இருப்பவர் நகரத்துக்கு வரி கட்டுவதில்லை, ஆகவே சந்தா கட்டட்டும் என்றது நகராட்சி. தீப்பிடித்த பிறகு கட்டலாமென்றால் முன்கூட்டி எவன் கட்டுவான் என்றும் கேட்டது. கணக்கப்பிள்ளைக்கு இது சரி. ஆனால் தீ கணக்குப் பார்த்தா பரவுகிறது? கட்டாதவன் வீட்டுத் தீ கட்டியவன் வேலியைத் தாண்டவில்லையா?

அதே நாட்டில் ஒரேகான், வாஷிங்டன் மாநிலங்களைப் பாருங்கள். கிராமப் பகுதிகள் தீயணைப்பு வட்டாரங்களாக அமைந்திருக்கின்றன. நிர்வாகக் குழுவை அவ்வூர் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். செலவு சொத்து வரியிலிருந்து. சொத்து பெரிதானால் வரியும் பெரிது. அழைப்பு வந்தால் வண்டி புறப்படும். ரசீது கேட்பாரில்லை.

வண்டியிலே வருகிறவர் யார்? பல வட்டாரங்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். வயலிலோ பட்டறையிலோ பிழைப்பவர்கள், போட்டது போட்டபடி ஓடி வருகிறவர்கள். கிராமத்திலே தெருக்குழாய் ஏது? டாங்கர் வண்டியில் தண்ணீர் வரும். தரையில் மடக்குத் தொட்டியை விரித்து அதில் கொட்டிவிட்டு, வண்டி மறுபடி குளத்துக்கு ஓடும். தீக்கு மட்டுமா அழைப்பு? அந்நாட்டுத் தீயணைப்புப் படைகளுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ உதவி கேட்டு வருபவைதான். நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் முதலில் வாசலுக்கு வருவது பல ஊர்களில் இவர்களே.

தொண்டர்கள் இருக்கும்போது வரி எதற்கு என்று கேட்போர் அங்கும் உண்டு. கூலி வாங்காதவன் உயிரும் உயிர்தானே! அவனுக்குக் கவச உடை வேண்டும், மூச்சுக் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும். இதற்காக வரியை உயர்த்த வாக்கெடுப்பு வைத்துத் தோற்ற வட்டாரங்களும் இருக்கின்றன. தொண்டர் தொகையோ குறைந்துகொண்டு வருகிறது. வேலை தேடித் தொலைவு போகிறவன் பகலில் ஊரில் இருப்பதில்லை. கட்டவேண்டிய வரியைக் கட்டாமல் அவன் தோளிலேயே பாரத்தை ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

ஓபியனில் 2011 டிசம்பரில் இன்னொரு வீடும் இதே விதியால் எரிந்தது. 2012-ல் விதியை மாற்றினார்கள். சந்தா கட்டாதவர் வீட்டுக்கும் இனி வண்டி வரும். பின்னாலேயே 3,500 டாலர் பில்லும் வரும்!