வாத்தியார் வீட்டுத் திண்ணை: கல்லில் எழுதிய செக்ரோல்



பள்ளி விடுமுறையில் தஞ்சாவூர் போய் வந்தேன். புறப்படுவதற்கு முந்தின நாள் என் மாணவன் ஒருவனின் பாட்டி லோபாக்கில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "சாரு, எங்கப்பாவுக்குத் தஞ்சாவூருப் பக்கந்தான். எந்த ஊருன்னு கொஞ்சம் விசாரிச்சிட்டு வாங்க" என்றார். "அப்பா பெயர் என்னம்மா?" என்றேன். பெயரைச் சொன்னார். தாத்தா பெயர்? தெரியவில்லை. ஊர்ப் பெயர்? "ஆத்துக்குப் பக்கம்னு சொல்லுவாரு" என்றார். காவிரி நாட்டில் ஆற்றுக்குப் பக்கத்தில் இல்லாத ஊர் எது?

நான் சிரிக்கவில்லை. என் நிலையும் அதுதான். என் பாட்டனார் சிறுவனாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

கோலாலம்பூரிலிருந்து விமானம் நேராகத் திருச்சிக்கே போகிறது. அங்கிருந்து தஞ்சை பேருந்தில் ஒன்றரை மணி நேரம். பெரிய கோயிலை முதலில் பார்த்தபோது கழுத்து வலித்தது என்றால் மிகையில்லை. முதலாம் இராசராச சோழன் எழுப்பிய கோயில் அது. 1010ஆம் ஆண்டில் பணி நிறைவு பெற்றது. விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. அத்தனையும் கருங்கல். ஆனால் கோயிலைச் சுற்றியிருப்பதோ வயற்காடு, பாறை கிடையாது. எல்லாக் கல்லும் வெளியிலிருந்து வந்தவை. 1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோபுர நிழல் தரையில் விழாது என்று நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம் அல்லவா? நிழல் நன்றாகவே விழுகிறது. நானே அதில் நின்று இளைப்பாறினேன். கோயிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. உண்மையான அதிசயம் சுவரில் இருக்கிறது.

விமானத்தின் அடித்தளத்திலும் சுற்றுச் சுவரிலும் வரிவரியாகக் கல்வெட்டுகள். பழைய எழுத்து, நம்மால் சட்டென்று வாசிக்க முடியாது. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் விளக்கிச் சொன்னார். மன்னன் கொடுத்தது, அவன் தமக்கை குந்தவை கொடுத்தது, அரசிகள் கொடுத்தது எல்லாம் கணக்காக வெட்டப்பட்டிருக்கின்றன. தலைமைத் தச்சனான குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்களிலிருந்து 400 பெண்களை வரவழைத்தான் மன்னன். ஒவ்வொருத்தியின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் சுவரில் இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் ஊதியம். கணக்கர், மேளம் கொட்டுவோர், தையற்காரர், சலவை செய்வோர், குயவர் என மற்றவர்களுக்கும் பங்கு எழுதியிருக்கிறது.

நம் பாஷையில் சொன்னால் அது ஒரு செக்ரோல்! கிராணி காகிதத்தில் எழுதினார், சோழன் கல்லில் எழுதினான்.

அந்தச் செக்ரோலில் ஒரு விதியும் உண்டு. பங்கு பெறுபவர் இறந்துவிட்டாலோ, வேற்று நாட்டுக்குப் போய்விட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. வேற்று நாட்டுக்குப் போனவனின் பேரன்தானே நான்?

நம் நாட்டின் பெயரும் அங்கே இருக்கிறது. இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025 வாக்கில் கடல் கடந்து படை அனுப்பினான். அவன் வென்ற கடாரம், அதாவது நம் கெடா, அந்தக் கோயில் கல்வெட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. படையோடு வந்தவர்களின் கதை கல்லில் நிற்கிறது. பால்வாளி தூக்க வந்தவர்களின் கதை எங்கே நிற்கிறது?

கல் இழுத்த ஒவ்வொருவன் பெயரும் அந்தச் சுவரிலும் இல்லைதான். ஆனாலும் எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிய ஒரு பெண்ணின் வீடு எது என்று தெரிகிறது. நூறு ஆண்டுகூட ஆகாத என் பாட்டனின் ஊர் தெரியவில்லை. நாங்கள் இருந்த லயம் இன்று இல்லை. நெகிரி செம்பிலானில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பழைய செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்றதோ, நெருப்பு தின்றதோ!

தஞ்சை செல்பவர்கள் அரண்மனையையும் பாருங்கள். அங்குள்ள சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர் 1798 முதல் 1832 வரை இருந்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி. ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், அதனால் அவை பிழைத்தன. பிள்ளைகளுக்குத் தலையாட்டி பொம்மை வாங்குங்கள். கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள், நடுப்பகலில் தரை காலைச் சுடும்.

பயணச் செலவுக்கு வழியில்லையே என்று வருந்துபவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். வீட்டில் உள்ள மூத்தவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்த லயம். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இருந்தால் உடன் வையுங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், தமிழும் வளரும்.

திரும்பி வந்ததும் அந்தப் பாட்டியிடம் போனேன். "ஊரு தெரிஞ்சிச்சா சாரு?" என்றார். "இல்லைம்மா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "டேய், நோட்டு எடுத்தா. எங்கப்பா பேர எழுது" என்றார்.

முதல் வரி எழுதியாயிற்று. உங்கள் வீட்டில் எப்போது?

அடுத்த முறை சந்திப்போம்.