சிறிய தீர்மானங்களும் நிலைக்கும் மாற்றங்களும்

இவ்வாரத் தியானப் பகுதி: யாத்திராகமம் 23:20-33



2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலையை நம் கடலூர் மாவட்டம் மறக்காது. செம்மங்குப்பம் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவச் செல்வங்களை நாம் இழந்தோம். அந்த வாரத்தில் நம் இல்லங்களில் எத்தனையோ தீர்மானங்கள் பிறந்தன. இனிப் பிள்ளைகளைக் காலையில் திட்டி விரட்டி அனுப்பமாட்டோம். இனி வீட்டில் கோபமே கூடாது. நின்றுபோன குடும்ப ஜெபத்தை மறுபடியும் தொடங்குவோம். துக்கம் மெய்யானது, தீர்மானங்களும் மெய்யானவை. ஆயினும், அவற்றில் எத்தனை இன்று உங்கள் வீட்டில் உயிரோடிருக்கின்றன என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

நாம் உறுதியற்றவர்கள் என்பதால் அவை மறைந்துபோகவில்லை. சுமக்க முடியாத அளவுக்கு அவை பெரியவையாக இருந்தன என்பதே என் எண்ணம். பெரிய தீர்மானம் எடுக்கும்போது உள்ளம் நிறைகிறது. ஏதோ சாதித்துவிட்டதுபோல் ஓர் ஆறுதலும் உண்டாகிறது. அந்த ஆறுதலே செயலுக்குப் பதிலாக நின்றுவிடுகிறது. சீரியப் படைத்தலைவனாகிய நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள் (2 இராஜாக்கள் 5). யோர்தானில் ஏழுதரம் முழுகு என்ற எளிய கட்டளை அவனுக்குக் கோபமூட்டியது. அரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே என்று அவனுடைய ஊழியக்காரரே அவனுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதாயிற்று. நமக்கும் அப்படியே. நாற்பது நாள் உபவாசத்திற்கு ஆயத்தமாகிறோம். இரவு பத்து நிமிடம் மகனருகே அமர்ந்து அவன் பேசுவதைக் கேட்பது மட்டும் நமக்குக் கடினமாயிருக்கிறது.

தேவன் மாற்றத்தை எப்படி நடத்துகிறார் என்பதை இன்றைய வேதபகுதி காட்டுகிறது. கானானின் குடிகளை ஒரே வருஷத்தில் துரத்திவிடமாட்டேன் என்கிறார் கர்த்தர். துரத்தினால் தேசம் பாழாகும், காட்டுமிருகங்கள் பெருகிவிடும். ஆகையால், இஸ்ரவேலர் பெருகித் தேசத்தைச் சுதந்தரிக்கும்வரை கொஞ்சங்கொஞ்சமாக அதைச் செய்வதாக வாக்களிக்கிறார் (23:29,30). ஒரே நாளில் முடித்துவிடும் வல்லமை அவருக்கு இல்லாமலில்லை. பெற்றுக்கொண்ட நிலத்தில் குடியிருந்து பராமரிக்கும் பெலன் ஜனங்களுக்கு வளரவேண்டியிருந்தது. குடியேறாத வெற்றி காடாகும் என்பது குடும்பத்திற்கும் பொருந்தும் சத்தியம்.

இது நம் மண்ணும் அறிந்த உண்மை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல், தலைமுறைகளாக வளர்ந்த பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வீழ்த்திச் சென்றது. வீழ்ச்சிக்குச் சில மணிநேரம் போதும். தோப்பு மீள்வதற்கோ ஒவ்வொரு கன்றுக்கும் தனித்தனியே குழி வெட்டித் தண்ணீர் ஊற்றவேண்டும்.

செம்மங்குப்பத்திற்குப் பின் நாம் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ட ஒரு சொல் 'இன்டர்லாக்கிங்'. அந்த வசதியுள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டப்பட்டாலொழிய ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழாது. வசதியில்லாத கேட்டிலோ, நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் பேசிக்கொள்வதையும், ஒரு மனிதனின் கவனத்தையுமே பாதுகாப்பு முழுவதும் சார்ந்திருக்கிறது. செம்மங்குப்பம் கேட் அன்று இன்டர்லாக்கிங் இல்லாததாகவே இருந்தது. விபத்துக்குப் பிறகு, கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும் இன்டர்லாக்கிங் பணியை விரைவுபடுத்தவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. ஒரு மனிதனின் நினைவையும் மனவுறுதியையும் மட்டும் நம்பி உயிர்களை ஒப்படைக்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

நம் நல்ல தீர்மானங்களையும் இப்படியே பூட்டிவைக்கவேண்டும். 'இனி நன்றாக ஜெபிப்பேன்' என்பது மனவுறுதியை மட்டும் நம்புவது. 'ஒரு சங்கீதம் வாசிக்காமல் காலையில் கைபேசியைத் திறப்பதில்லை' என்பது இன்டர்லாக்கிங். 'பிள்ளைகளிடம் பொறுமையாயிருப்பேன்' என்பது ஆசை. 'புத்தகப்பையை அடுக்காமலும் சீருடையை எடுத்துவைக்காமலும் இரவு விளக்கை அணைப்பதில்லை' என்பது, மறுநாள் காலையின் அவசரத்தையும் அதனால் எழும் கோபத்தையும் முந்தின இரவே குறைத்துவிடும் ஒழுங்கு. நாள்தோறும் எப்படியும் நடக்கும் ஒரு செயலோடு புதிய செயலைப் பிணையுங்கள். ஒன்றின்றி மற்றொன்று நடவாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறியது என்ன சாதிக்கும் என்பீர்களாகில், மிசோரம் மாநிலத்துத் திருச்சபையைப் பாருங்கள். அங்குள்ள கிறிஸ்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டளவில், ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைக்கத் தொடங்கினர். மிசோ மொழியில் அதற்குப் 'பூஃபாய் தாம்' என்று பெயர். அந்த அரிசியைச் சபையார் சேகரித்து விற்று, ஊழியத்திற்குப் பயன்படுத்தினர். ஏழைக் குடும்பத்தாலும் ஒரு பிடி கொடுக்க முடிந்தது. சமையல் நடக்கும் நாளெல்லாம் அது மறவாமல் நடந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அப்பழக்கம் நீடிக்கிறது. நம் பாட்டிமார் வீடுகளிலும் பிடியரிசிக் கலயம் இருந்ததை உங்களில் மூத்தோர் அறிவீர்கள். உலையோடு பிணைக்கப்பட்டதாலேயே அக்காணிக்கை நிலைத்தது.

'மாற்றுகிறவர் பரிசுத்த ஆவியானவர்தானே, இந்த ஒழுங்குமுறைகள் எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். மாற்றுகிறவர் அவரே. ஆனால் கிருபைக்கு ஒழுங்கு பகையன்று. ராஜாவின் கட்டளை பிறந்தபின் தானியேல் புதிதாக ஜெபிக்கத் தொடங்கவில்லை. முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டான் (தானியேல் 6:10). சிங்கக்கெபியின் நாளுக்கு அவனை ஆயத்தப்படுத்தியது, யாரும் கவனியாத நாட்களின் அந்தச் சிறு பழக்கமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். எல்லாவற்றையும் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றலாம் என்று எண்ணவேண்டாம். மனைவியையோ பிள்ளையையோ அடிக்கும் கை இன்றே நிற்கவேண்டும். அதற்குத் தவணை கிடையாது. மதுவுக்கு நெடுநாள் அடிமைப்பட்டிருப்பவர்களோ தீர்மானத்தை மட்டும் நம்பியிராமல் மருத்துவரை நாடுங்கள். திடீரென நிறுத்துவதால் உடலுக்கு ஆபத்து நேரிடுவதும் உண்டு. சிகிச்சை பெறுவது அவிசுவாசம் ஆகாது.

அன்பானவர்களே, இவ்வாரம் உங்கள் குடும்பமாக ஒன்றைச் செய்யுங்கள். எல்லாரும் கூடியிருக்கும் வேளையில், உங்கள் வீட்டில் மாறவேண்டிய ஒரே ஒரு காரியத்தைத் தெரிந்தெடுங்கள். சிறுபிள்ளைகளையும் பேசவிடுங்கள், வீட்டின் குறையை அவர்களே நன்கு அறிவார்கள். பின்பு அதை, மிகவும் களைத்த நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சுருக்குங்கள். முக்கால் மணிநேரக் குடும்ப ஜெபம் முடியாவிடில் ஐந்து நிமிடம் போதும்: ஒரு வசனம், ஒரு ஜெபம். எந்த வேளையில், எந்தச் செயலுக்குப் பின் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்; தவறிய நாளைச் சொல்லிக்காட்டி ஒருவரையொருவர் குத்தாதிருங்கள். அது வேரூன்றும்வரை இரண்டாவது தீர்மானத்தைத் தொடாதிருங்கள்.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டினபோது பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கையே பழுதுபார்த்தார்கள் (நெகேமியா 3). 52 நாளில் அலங்கம் முழுவதும் முடிந்தது. நகரம் முழுவதையும் சுமக்கும்படி கர்த்தர் உங்களைக் கேட்கவில்லை. உங்கள் வாசலுக்கு எதிரே உள்ள பங்கை எடுத்துக்கட்டுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, சிறியவற்றை அற்பமாய் எண்ணாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். பிள்ளைகளை இழந்து தவிக்கும் பெற்றோரை உமது கரங்களில் ஏந்தும். இன்று செய்யவேண்டியதை இன்றே செய்யும் உண்மையை எங்கள் வீடுகளில் வளரச்செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.