காணாமல் ஆக்கப்பட்டோருக்கு மரணச் சான்றிதழ் வழங்குவது குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கேள்வி

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் சட்டத்தின் முன் உயிரோடிருப்பவரா, இறந்தவரா என்ற கேள்விக்கு விடை இல்லாததால், இலங்கையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அன்றாட வாழ்வு தடைப்பட்டு நிற்கிறது. கணவன் பெயரிலுள்ள காணி உறுதி, வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, பிள்ளையின் பாதுகாவலர் உரிமை எல்லாவற்றுக்கும் அவர் கையொப்பம் வேண்டும். இல்லையேல் அவர் இறந்ததற்கான அத்தாட்சி வேண்டும். இரண்டும் இல்லாத குடும்பத்துக்கு அரசு மரணச் சான்றிதழை ஒரு தீர்வாக முன்வைத்து வருகிறது. 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றும், உரிய விசாரணைகளின் பின் மரணச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஐக்கிய நாடுகளின் வதிவிட ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்தார். இந்தத் தீர்வை ஏற்கலாமா என்பதே இவ்வறிக்கையின் பொருள்.

நிலைப்பாடு

மரணச் சான்றிதழ் பெறுவதும் மறுப்பதும் குடும்பத்தின் சுதந்திரமான முடிவாக இருக்க வேண்டும். நிவாரணத்துக்கோ சொத்துரிமைக்கோ அதை முன்நிபந்தனையாக்கக் கூடாது. எந்தச் சான்றிதழும் எந்தக் கொடுப்பனவும் விசாரணையை முடித்துவைக்கும் காரணமாகக் கூடாது.

சட்டப் பின்னணி

குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையெனில் அவர் இறந்ததாக ஊகிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய மரணங்களைப் பதிவு செய்யும் நடைமுறையை வகுத்தது. பயங்கரவாதச் செயல் அல்லது உள்நாட்டுக் குழப்பம் காரணமாக ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரின் மரணத்தை உறவினரின் விண்ணப்பத்தின் பேரில் பதிவு செய்யலாம் என்றானது.

அது இறந்தவர் என்ற ஒரே அடையாளத்தை மட்டும் தந்ததால் குடும்பங்கள் எதிர்த்தன. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றாகக் காணாமற்போனமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. மரணம் நிகழ்ந்ததாகச் சொல்லாமலேயே நலன்புரி உதவி பெறவும், சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கவும், பிள்ளைகளுக்குப் பாதுகாவலராகவும் இது வழிசெய்கிறது. அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2016 மே மாதம் இலங்கை பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச சமவாயத்தை அங்கீகரித்தது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இச்செயலைத் தனிக் குற்றமாக்கியது.

காரணங்கள்

முதலாவது காரணம், விண்ணப்பத்தின் தன்மை. மரணத்தைப் பதிவு செய்யக் கேட்பவர், காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று தான் நம்புவதாகச் சத்தியக் கூற்றில் கையொப்பமிட வேண்டும். 2009 மே மாதம் முல்லைத்தீவில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்தினரிடம் ஒப்படைத்த தாயை எடுத்துக்கொள்வோம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைக் குழுவில் பதிந்த சீட்டு, ஆணைக்குழுக்கள் தந்த ரசீதுகள் எல்லாம் அவர் கையில் உள்ள ஒரே கோப்பில் இருக்கின்றன. இவை அனைத்தும் மகன் உயிரோடு கையளிக்கப்பட்டதையே சொல்கின்றன. பிரதேச செயலகத்தில் அவர் நிரப்பும் புதிய படிவமோ இதற்கு நேர்மாறானதைச் சத்தியம் செய்யச் சொல்கிறது. நாளை நீதிமன்றில் அவர் சாட்சி சொல்ல எழுந்தால், அவரே கையொப்பமிட்ட கூற்று அவருக்கு எதிராக நீட்டப்படும்.

இரண்டாவது, ஆட்கொணர்வு மனு. ஒருவர் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்ற அடிப்படையிலேயே இம்மனு நிற்கிறது. போரின் இறுதி நாட்களில் சரணடைந்தோர் தொடர்பான மனுக்கள் சிலவற்றில், அவர்களை முன்னிலைப்படுத்துமாறு 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. மனுதாரரின் கையில் மரணச் சான்றிதழ் இருந்திருந்தால் எதிர்த்தரப்பின் முதல் வாதமே அதுவாக இருந்திருக்கும்.

மூன்றாவது, சர்வதேசக் கடப்பாடு. காணாமல் ஆக்கப்படுவது ஒரு நாளில் முடிந்துவிடும் குற்றமன்று. அவருக்கு நேர்ந்தது என்ன என்பது தெரியவரும் வரை அது தொடர்கிறது. உறவினரின் நலன்புரி, நிதி, குடும்பச் சட்டம், சொத்துரிமை ஆகியவற்றைச் சீர்செய்ய வேண்டிய கடமையையும், விசாரணையைத் தொடர வேண்டிய கடமையையும் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை ஒருசேர விதிக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து அரசு விலக முடியாது. ஆர்ஜென்டினா 1994இலேயே, மரணத்தை அறிவிக்காமல், பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர் என்ற தனிச் சட்ட நிலையை உருவாக்கியது. பின்னர் பெருவும் அவ்வழியைப் பின்பற்றியது.

நான்காவது, நாட்டின் சொந்த அனுபவம். 1980களின் இறுதியில் தெற்கில் நடந்த கிளர்ச்சியின்போது காணாமல் ஆக்கப்பட்டோர் குறித்து 1994க்குப் பின் அமைந்த ஆணைக்குழுக்கள் விசாரித்தன. 20,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள் உறுதிசெய்யப்பட்டன. பெருந்தொகையான சிங்களக் குடும்பங்கள் மரணச் சான்றிதழும் நட்டஈடும் பெற்றன. தண்டனை பெற்றவர்களோ மிகச் சிலர். காகிதம் கைமாறியதும் விசாரணை ஓய்ந்துவிடும் என்பதை வடக்கும் கிழக்கும் தெற்கிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

மறுதரப்பு வாதங்கள்

பொருளாதார நெருக்கடியில் உள்ள பெண்களுக்குச் சான்றிதழை மறுக்கும்படி சொல்வது, அவர்கள் துயரின் மேல் அரசியல் நடத்துவதாகும் என்ற விமர்சனம் உண்டு. இது புறந்தள்ளக்கூடிய வாதமன்று. மறுமணத்துக்காகவோ, காணியைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதற்காகவோ, சடங்கு செய்து மனம் ஆறுவதற்காகவோ மரணச் சான்றிதழ் கேட்கும் குடும்பத்தைத் துரோகியாகப் பார்க்கும் போக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தவறு. இவ்வறிக்கை எதிர்ப்பது சான்றிதழை அல்ல, நிர்ப்பந்தத்தையே. 2022இல் அமைச்சரவை காணாமற்போனோரின் குடும்பங்களுக்கான ஒருமுறைக் கொடுப்பனவை 100,000 ரூபாவிலிருந்து 200,000 ரூபாவாக உயர்த்தியபோது பல தாய்மார் அதை வாங்க மறுத்ததும், சிலர் வாங்கியதும், ஒரே தேவையிலிருந்து பிறந்த இரு முடிவுகள்.

நிச்சயமின்மை நீடிப்பதே பெரிய கொடுமை, மரணத்தை ஏற்பதே அதற்கு மருந்து என்றும் வாதிடப்படுகிறது. நிச்சயத்தைத் தருவது சான்றுகள்தான். செம்மணி சித்துப்பாத்தி மயானத்திலும் கொக்குத்தொடுவாயிலும் உள்ள மனிதப் புதைகுழிகளில் மீட்கப்பட்ட எலும்புகள் யாருடையவை என்று மரபணுச் சோதனையால் நிறுவப்படும்போதே ஒரு குடும்பம் உண்மையில் ஒரு முடிவுக்கு வர முடியும்.

கோரிக்கைகள்

1. காணாமற்போனமைச் சான்றிதழை வங்கிகள், பாடசாலைகள், காணிப் பதிவகம், சேமலாப நிதித் திணைக்களம் ஆகியன ஏற்றே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை மூலம் கட்டாயமாக்க வேண்டும். கிராம அலுவலர் முதல் பிரதேச செயலாளர் வரை இதற்கான பயிற்சி பெற வேண்டும்.

2. மாதாந்த நிவாரணம் சான்றிதழின் வகையைச் சாராமல் வழங்கப்பட வேண்டும். 2019இல் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற்ற குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்ட 6,000 ரூபா, இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட்டுச் சட்டபூர்வ உரித்தாக்கப்பட வேண்டும்.

3. மரணச் சான்றிதழ் பெற்ற குடும்பத்தின் முறைப்பாடும் தொடர்ந்து விசாரிக்கப்படும் என்று சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். உறவினரின் சத்தியக் கூற்றை அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்துவது தடுக்கப்பட வேண்டும்.

4. இறந்த இடம், காரணம் ஆகியன தெரியாத நிலையில் அவற்றை ஊகமாக நிரப்பக் கூடாது. மரணச் சான்றிதழில் காணாமல் ஆக்கப்பட்டார் என்ற குறிப்பு இடம்பெற வேண்டும்.

5. உறவினரின் சம்மதத்துடன் மரபணு மாதிரிகளைச் சேகரித்துப் பாதுகாக்கத் தனிச் சட்டமும், மனிதப் புதைகுழி அகழ்வுகளுக்குத் தடையற்ற நிதியும் வேண்டும்.

6. இவ்வுரிமைகள் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களுக்கும், நடவடிக்கையில் காணாமற்போன படையினரின் குடும்பங்களுக்கும், ஆயுதக் குழுக்களால் கடத்தப்பட்டோரின் குடும்பங்களுக்கும் வேறுபாடின்றிப் பொருந்த வேண்டும்.